டெக்சஸ் பள்ளி நிர்வாகிகள் சங்கம் எதற்காக? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சஸில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது அது எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்பதைத்தான். ஆனால் அந்த மாவட்டத்தை நடத்துபவர் யாருக்குப் பதில் சொல்கிறார், அவரைப் போன்றவர்கள் மாநில அளவில் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு என்ன வேலை என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

எல்லோரும் சூப்பரின்டெண்டெண்ட் என்கிறார்களே, அவர் யார்? நம் ஊர் முதன்மைக் கல்வி அலுவலரைப் போன்றவரா?

ஒரு பள்ளி மாவட்டத்தின் பள்ளிகளையெல்லாம் நடத்தும் தலைமை நிர்வாகிதான் அவர்; தமிழில் கண்காணிப்பாளர் எனலாம். பார்க்கும் வேலை ஓரளவு ஒத்ததுதான், ஆனால் அதிகாரம் வரும் வழி முற்றிலும் வேறு. தமிழ்நாட்டில் முதன்மைக் கல்வி அலுவலரை மாநில அரசு நியமிக்கிறது. வேண்டும்போது வேறு மாவட்டத்துக்கு மாற்றுகிறது. டெக்சஸில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம் ஒன்று உண்டு. பெரும்பாலும் 7 பேர் கொண்ட அந்த வாரியத்தினர் ஊதியம் இல்லாமல் பணியாற்றுகிறார்கள். கண்காணிப்பாளரை ஒப்பந்தத்தின் பேரில் வேலைக்கு அமர்த்துவதும், ஆண்டுதோறும் அவரை மதிப்பிடுவதும், தேவையானால் வீட்டுக்கு அனுப்புவதும் அவர்கள்தான். ஒப்பந்தக் காலம் 5 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்பது மாநிலச் சட்டம்.

இத்தகைய மாவட்டங்கள் டெக்சஸில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஹூஸ்டன் மாவட்டத்தை நடத்துபவரும் கண்காணிப்பாளர்தான். மேற்கு டெக்சஸில் நூறு மாணவர்கள்கூட இல்லாத ஒரு மாவட்டத்தை நடத்துபவரும் கண்காணிப்பாளர்தான். சிறிய மாவட்டங்களில் அவரே தலைமையாசிரியராகவும் இருப்பதுண்டு, ஓட்டுநர் வராத நாளில் பள்ளிப் பேருந்தை ஓட்டுவதுமுண்டு.

சரி, அவர்களுக்கு எதற்குத் தனியாக ஒரு சங்கம்?

ஒரு மாவட்டத்தில் கண்காணிப்பாளர் ஒருவர்தான் இருக்கிறார். ஆசிரியருக்குப் பக்கத்து வகுப்பறையில் இன்னோர் ஆசிரியர் இருக்கிறார். தலைமையாசிரியருக்குப் பக்கத்துப் பள்ளியில் இன்னொரு தலைமையாசிரியர் இருக்கிறார். கண்காணிப்பாளருக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரும் அவருடைய பணியாளர்கள், மேலே உள்ளவர்கள் அவரை வேலைக்கு அமர்த்தியவர்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்த ஒரு பள்ளியை மூடலாமா, கட்டடங்களுக்காகக் கடன் வாங்க வாக்காளர்களின் ஒப்புதலைக் கேட்கும் கடன்பத்திர வாக்கெடுப்பை எப்போது நடத்தலாம், பள்ளி எல்லைகளை மாற்றினால் எந்தத் தெருக்காரர்கள் கொதித்தெழுவார்கள் என்பனவற்றையெல்லாம் மனம் திறந்து பேச வேண்டுமானால், அதே வேலையை வேறோர் ஊரில் செய்பவரிடம்தான் பேச முடியும்.

டெக்சஸ் பள்ளி நிர்வாகிகள் சங்கம் 1925இல் தொடங்கியது, தலைமையகம் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் இருக்கிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் டாசா என்று அழைக்கிறார்கள். கண்காணிப்பாளர்களே இதன் முதுகெலும்பு என்றாலும், துணைக் கண்காணிப்பாளர்களும் மாவட்டத் தலைமை அலுவலகத்தின் பிற நிர்வாகிகளும் இதில் உறுப்பினராகலாம். மாநிலத்தின் 20 கல்விச் சேவை வட்டாரங்களிலிருந்தும் செயற்குழுவுக்குப் பிரதிநிதிகள் வருகிறார்கள். மாசசூசெட்ஸ், நியூயார்க், ஒஹாயோ, இலினாய் போன்ற மாநிலங்களிலும் இப்படிப்பட்ட சங்கங்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் மூத்த தேசியச் சங்கம் 1865இலேயே உருவாகிவிட்டது.

இது அரசாங்க அமைப்பா? என் பிள்ளையின் பள்ளிக்கு உத்தரவு போடுமா?

அரசாங்க அமைப்பு அல்ல. எந்தப் பள்ளிக்கும் எந்த உத்தரவும் போட முடியாது. இது விருப்பமுள்ளவர்கள் சந்தா கட்டிச் சேரும் இலாபநோக்கற்ற தொழில்முறைச் சங்கம். ஒரு கண்காணிப்பாளர் இதில் சேராமலே தம் பணிக்காலம் முழுவதையும் கழித்துவிடலாம்.

அதிகாரம் எங்கெங்கே இருக்கிறது என்பதைத் தனித்தனியாகப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. பள்ளிகளுக்கான சட்டத்தையும் நிதிச் சூத்திரத்தையும் சட்டமன்றம் இயற்றுகிறது. அவற்றை நடைமுறைப்படுத்துவதும், பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் இடுவதும் ஆளுநர் நியமிக்கும் கல்வி ஆணையரின் கீழ் இயங்கும் டெக்சஸ் கல்வி முகமையின் வேலை. கண்காணிப்பாளராகப் பணியாற்றுவதற்கான சான்றிதழ் தருவது கல்வியாளர் சான்றிதழ் வாரியம் என்னும் வேறோர் அமைப்பு. உங்கள் மாவட்டத்தின் வரவுசெலவும் கொள்கையும் உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் கையில் இருக்கின்றன. இந்த நான்கு இடங்களிலும் சங்கம் பேசலாம், எழுதலாம், வாதாடலாம். முடிவெடுக்கும் இடத்தில் அதற்கு நாற்காலி கிடையாது.

அப்படியானால் தொழிற்சங்கம் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. டெக்சஸில் பள்ளி ஊழியர்கள் கூட்டுப் பேரம் பேசுவதையும் வேலைநிறுத்தம் செய்வதையும் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே ஆசிரியர் அமைப்புகளுக்கே இங்கே அந்த வலு இல்லை. கண்காணிப்பாளர் ஒவ்வொருவரும் தம் ஒப்பந்தத்தைத் தாமே வாரியத்துடன் பேசி முடிக்கிறார், சங்கம் அந்த அறைக்குள் வருவதில்லை.

ஆனால் மறைமுகமான செல்வாக்கு ஒன்று இருக்கிறது. டாசாவும் பள்ளி வாரியங்களின் சங்கமும் சேர்ந்து கண்காணிப்பாளர்களின் ஊதியம் பற்றிய கணக்கெடுப்பை நடத்துகின்றன. ஒப்பந்தம் பேசும் இரு தரப்பும் அந்த அட்டவணையைத்தான் எடுத்து வைத்துக்கொள்கின்றன. எந்த வாரியமும் தன் கண்காணிப்பாளருக்குச் சராசரிக்கும் கீழே கொடுப்பதாகத் தெரிய விரும்புவதில்லை. அதனால் இத்தகைய அட்டவணைகள் ஊதியத்தை மேல்நோக்கியே தள்ளும் என்பது என் கருத்து. அதற்காகக் கணக்கெடுப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒளிவுமறைவில்லாத எண்கள் இருப்பது வரி கட்டுபவருக்கும் நல்லதுதான்.

ஆண்டு முழுவதும் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

முதல் வேலை பயிற்சி. டெக்சஸில் முதல்முறையாகக் கண்காணிப்பாளர் ஆகிறவர், அனுபவமுள்ள ஒருவரின் வழிகாட்டுதலில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்றும், அதில் குறைந்தது 36 மணி நேரப் பயிற்சி அடங்க வேண்டும் என்றும் மாநில விதி இருக்கிறது. விதியை எழுதியது அரசு. ஆனால் அதை நிறைவேற்றத் தேவையான மூத்தவர்கள் சங்கம் போன்ற இடத்தில்தான் கிடைப்பார்கள். டாசா புதிய கண்காணிப்பாளர்களுக்கென்றே ஒரு பயிலரங்கத்தை நடத்திவருகிறது. தலைமையாசிரியராகப் பத்து ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றியவருக்கும் சொத்து வரி விகிதம் நிர்ணயிப்பது, கடன்பத்திரம் வெளியிடுவது, வாரியக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலைச் சட்டப்படி அறிவிப்பது எல்லாம் புதியவை. அந்த இடைவெளியில் தடுமாறினால் மாணவர்கள்தான் பாதிக்கப்படுகிறார்கள். சங்கத்தின் பணிகளில் மிகப் பயனுள்ளது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது, கூடுகை. ஜனவரியில் நடைபெறும் குளிர்கால மாநாட்டுக்கு மாநிலம் முழுவதிலுமிருந்து நிர்வாகிகள் வருகிறார்கள். கல்வி ஆணையரும் அங்கே பேசுவது வழக்கம்.

மூன்றாவது, சட்டமன்றப் பணி. டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாட்கள், வழக்கமான கூட்டத்தொடரை நடத்துகிறது. அந்தக் குறுகிய காலத்துக்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் தாக்கலாகின்றன. சான் ஏஞ்சலோவிலோ லரேடோவிலோ இருக்கும் ஒரு கண்காணிப்பாளர் அவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருக்க முடியாது. எந்த மசோதா தம் மாவட்டத்தைப் பாதிக்கும், எந்தக் குழுவில் எந்த நாளில் அது விசாரணைக்கு வருகிறது, அதன் செலவு யார் தலையில் விழும் என்பதைச் சங்கத்தின் அலுவலர்கள் படித்துச் சொல்கிறார்கள். யுவால்டி தொடக்கப்பள்ளியில் 2022 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 2023இல் ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதமேந்திய காவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்காக மாநிலம் அப்போது கொடுத்தது வளாகத்துக்கு ஆண்டுக்கு 15,000 டாலரும் மாணவருக்கு 10 டாலரும். ஒரு காவல் அலுவலரின் ஆண்டுச் சம்பளத்துக்கு இது எந்த வகையிலும் போதவில்லை. இந்த வகைக் கணக்கைச் சட்டமன்ற உறுப்பினரின் முன்னால் வைப்பது சங்கம் செய்யும் வேலை.

சட்டமன்றத்தில் இவர்கள் பேச்சு எடுபடுகிறதா? உதாரணம் ஏதாவது உண்டா?

எடுபட்டதற்கும் எடுபடாததற்கும் சான்று உண்டு. 2011–12 கல்வியாண்டில் ஸ்டார் என்னும் புதிய மாநிலத் தேர்வு முறை அறிமுகமானபோது, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 15 பாடமுடிவுத் தேர்வுகளை எழுத வேண்டியிருந்தது. 2012 தொடக்கத்தில் அப்போதைய கல்வி ஆணையர் ராபர்ட் ஸ்காட்டே, தேர்வு அதன் நோக்கத்தை மீறி வளர்ந்துவிட்டதாகக் குளிர்கால மாநாட்டில் வெளிப்படையாகக் கண்டித்தார். அரங்கில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்காகத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததைத் தேர்வை நடத்தும் துறையின் தலைவரே மேடையில் சொன்னார். அதே காலத்தில், தேர்வுகளின் மீதான அளவுக்கு மீறிய சார்பைக் குறைக்கக் கோரும் மாதிரித் தீர்மானம் ஒன்று மாவட்டங்களுக்குப் போனது. 800க்கும் மேற்பட்ட பள்ளி வாரியங்கள் அதை நிறைவேற்றின. 2013இல் சட்டமன்றம் அந்த 15 தேர்வுகளை 5ஆகக் குறைத்தது.

அதைச் சங்கத்தின் வெற்றி என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. கொதித்துப்போன தாய்மார்கள் தாங்களாகவே அமைப்புத் தொடங்கி ஆஸ்டினுக்கு வந்து போராடினார்கள். அவர்கள் இல்லாமல் சட்டமன்ற உறுப்பினர்களின் மனம் மாறியிருக்காது. நிர்வாகிகளும் பெற்றோரும் ஒரே பக்கம் நின்றதுதான் அந்த ஆண்டு காரியத்தை முடித்தது.

எடுபடாதவற்றில் முதன்மையானது தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மாநில நிதி கொடுக்கும் திட்டம். டாசா பல கூட்டத்தொடர்களாக அதை எதிர்த்துவந்தது. 2025 மே மாதம் ஆளுநர் கிரெக் ஆபட் அதற்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். முதற்கட்டமாக 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மாணவர் ஒருவருக்கான அடிப்படை ஒதுக்கீட்டிலும் இதே கதைதான். 2019 முதல் 6,160 டாலராகவே நின்றிருந்த தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தக் கோரிக் கண்காணிப்பாளர்கள் ஆண்டுக்கணக்காக வாதாடினார்கள். 2025இல் அந்தத் தொகை 55 டாலர் உயர்ந்தது. ஆசிரியர் ஊதியத்துக்கென்று தனித் தலைப்பில் பெருந்தொகை வந்தது உண்மை. ஆனால் எதற்குச் செலவிடலாம் என்பதை மாவட்டமே தீர்மானிக்கக்கூடிய பணம் மிகக் குறைவாகவே கூடியது.

பள்ளி வாரியங்களுக்கும் தனிச் சங்கம் இருக்கிறதாமே? வேலைக்கு வைத்தவர்கள் சங்கமும் வேலை பார்ப்பவர்கள் சங்கமும் எப்படி ஒத்துப்போகின்றன?

டெக்சஸ் பள்ளி வாரியங்கள் சங்கம் 1949இல் தொடங்கியது. இரண்டு சங்கங்களும் இலையுதிர் காலத்தில் கூட்டு மாநாடு நடத்துகின்றன. பாராட்டு விருதுகளும் குறுக்காகத்தான் போகின்றன: ஆண்டின் சிறந்த கண்காணிப்பாளரை வாரியங்களின் சங்கம் தேர்ந்தெடுக்கிறது, சிறந்த வாரியத்தை நிர்வாகிகளின் சங்கம் தேர்ந்தெடுக்கிறது. சட்டமன்றத்தில் நிதி, உள்ளூர் அதிகாரம் ஆகியவற்றில் இரண்டும் பெரும்பாலும் ஒரே நிலைப்பாட்டில் நிற்கின்றன.

முரண்பாடு வருவது ஒப்பந்தத்திலும், வாரியத்தின் வேலை எங்கே முடிந்து கண்காணிப்பாளரின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதிலும்தான். கொள்கை வகுப்பதும் மேற்பார்வையும் வாரியத்துக்கு, அன்றாட நிர்வாகம் கண்காணிப்பாளருக்கு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு காற்பந்துப் பயிற்சியாளரை நியமிக்கும்போதே அந்தக் கோடு அழிந்துவிடும் ஊர்கள் உண்டு.

புதிய கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் சங்கத்துக்குப் பங்கு உண்டா?

முடிவில் பங்கு இல்லை. வாரியம் வெளி நிறுவனம் ஒன்றையோ வாரியங்கள் சங்கத்தின் தேடல் பிரிவையோ அமர்த்திக்கொள்ளும். இறுதியாகத் தேர்ந்தெடுத்தவரின் பெயரை, வேலைக்கு அமர்த்த வாக்களிப்பதற்குக் குறைந்தது 21 நாட்கள் முன்னதாக வாரியம் வெளியிட வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் வெளிவரும். உங்களுக்கு மறுப்பு இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய காலம் அந்த மூன்று வாரங்கள்தான்.

எங்கள் கண்காணிப்பாளர் மீது எனக்குப் புகார் இருக்கிறது. சங்கத்துக்கு எழுதினால் நடவடிக்கை எடுப்பார்களா?

எடுக்க முடியாது. வழக்கறிஞர் சங்கத்தைப் போல உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு என்று பலர் நினைத்து நீண்ட கடிதங்களை எழுதுகிறார்கள். அதிகாரங்களைப் பிரித்துச் சொன்ன மேலே உள்ள பதிலை மீண்டும் பாருங்கள்: சான்றிதழ் சங்கத்திடம் இல்லை.

பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு நேர்ந்த ஒன்றைப் பற்றிய குறை என்றால், மாவட்டத்தின் கொள்கைத் தொகுப்பில் எஃப்.என்.ஜி. என்ற குறியீட்டின் கீழ் இருக்கும் முறையீட்டு விதியைத் தேடி எடுங்கள். ஆசிரியர், தலைமையாசிரியர், மாவட்ட அலுவலகம் என்று படிப்படியாக ஏறி இறுதியில் வாரியத்தின் முன் வர அது வழிவகுக்கிறது. ஒவ்வொரு படிக்கும் கால வரம்பு உண்டு. 2025இல் சட்டம் மாறியிருப்பதால் பழைய படிவத்தை நம்பாமல், மாவட்ட இணையதளத்தில் உள்ள நடப்பு வடிவத்தையே பயன்படுத்துங்கள். கண்காணிப்பாளரின் செயல்பாட்டைப் பற்றிய குறை என்றால் நேரே வாரிய உறுப்பினர்களுக்கு எழுதலாம், மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பேசலாம். தொழில் ஒழுக்கம் சார்ந்த கடுமையான குற்றச்சாட்டு என்றால் கல்வி முகமையிடம் போக வேண்டும்.

சந்தாவை யார் கட்டுகிறார்கள்? என் சொத்து வரியிலிருந்தா?

பெரும்பாலான இடங்களில் மாவட்டம்தான் கட்டுகிறது. அதாவது, ஆம், வரிப் பணம்தான். இதை நீங்களே சரிபார்க்கலாம். டெக்சஸ் மாவட்டங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் நிதி மேலாண்மை அறிக்கையுடன் கண்காணிப்பாளரின் நடப்பு ஒப்பந்தத்தையும் பொதுமக்கள் பார்க்கும்படி கொடுக்க வேண்டும். மாவட்ட இணையதளத்தில் நிதி வெளிப்படைத்தன்மை பற்றிய பக்கத்தில் அது கிடைக்கும்.

அதைத் திறந்தால், சம்பளம், கார்ப்படி, கைப்பேசி, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்குப் பின்னால் தொழில்முறை வளர்ச்சி என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும். எந்தெந்தச் சங்கங்களின் சந்தாவை மாவட்டம் ஏற்கிறது, எந்த மாநாடுகளுக்குப் பயணச் செலவு உண்டு, உள்ளூர் அரிமா சங்கம் போன்றவற்றின் உறுப்பினர் கட்டணமும் இதில் சேருமா என்பதெல்லாம் பல ஒப்பந்தங்களில் அந்தப் பத்தியிலேயே எழுதப்பட்டிருக்கும். அதே ஆவணத்தில், பதவிக்காலம் முடியுமுன் விலக்கினால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். ஓராண்டுச் சம்பளத்தையும் படிகளையும் மிஞ்சிய தொகையைக் கொடுத்து அனுப்பினால், மிஞ்சிய அளவுக்கு மாநில நிதியில் வெட்டு விழும் என்று சட்டம் இருக்கிறது.

அப்படியென்றால் வரிப் பணத்தில் லாபி செய்கிறார்கள் என்று சொல்வது சரிதானே?

இந்தக் கேள்வி டெக்சஸ் அரசியலில் ஆண்டுக்கணக்காகப் புகைந்துகொண்டிருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் பொதுப் பணத்தைக் கொண்டு லாபி செய்வதை, அதாவது சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஆள் வைத்து வாதாடுவதை, தடுக்கும் மசோதாக்கள் 2019 முதல் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. 2025இல் அத்தகைய ஒன்றை மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட் நிறைவேற்றியது, ஆனால் அது சட்டமாகவில்லை. ஆதரிப்பவர்கள் சொல்வது, என் வரியைக் கொண்டே என் விருப்பத்துக்கு எதிராக வாதாடக்கூடாது என்பது. எதிர்ப்பவர்கள் சொல்வது, தனியார் நிறுவனங்கள் ஆஸ்டினில் ஆள் வைத்து வாதாடும்போது பள்ளிகளை மட்டும் வாய்மூடச் சொன்னால், பள்ளியைப் பற்றிய சட்டம் பள்ளியை நடத்துபவரின் சொல் இல்லாமலே எழுதப்படும் என்பது.

நான் இரண்டாவது கட்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பெரிய மாவட்டங்களால் தாங்களே ஆள் அனுப்ப முடியும். முந்நூறு பிள்ளைகள் படிக்கும் கிராமப்புற மாவட்டத்துக்குச் சங்கம் ஒன்றுதான் ஆஸ்டினில் இருக்கும் குரல்; அதை வெட்டினால் முதலில் மௌனமாவது அந்த மாவட்டம். அதே வேளையில், எந்த மசோதாவுக்கு எந்த நிலைப்பாட்டைச் சங்கம் எடுத்தது, சந்தாவாக எவ்வளவு போனது என்பதை மாவட்டமே வாரியக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வாசிக்க வேண்டும். பல மாவட்டங்கள் இதைச் செய்வதில்லை. கேட்டால் கொடுப்போம் என்பது போதாது.

பணக்கார மாவட்டமும் ஏழை மாவட்டமும் ஒரே சங்கத்தில் எப்படி இருக்க முடியும்? அவர்கள் சண்டையே பணத்துக்காகத்தானே?

மிகச் சரியான கேள்வி. சங்கத்தின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. டெக்சஸில் பள்ளி நிதியின் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. எண்ணெய்க் கிணறுகளோ விலையுயர்ந்த வீடுகளோ உள்ள மாவட்டம் குறைந்த வரி விகிதத்திலேயே நிறையத் திரட்டிவிடும். அது இல்லாத மாவட்டம் எவ்வளவு வரி போட்டாலும் எட்டாது. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் மாவட்டம் முன்னின்ற வழக்கில், இந்த ஏற்றத்தாழ்வு மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1989இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 1993இல் வந்ததுதான் சொத்து வளம் மிக்க மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கை மாநிலம் திரும்பப் பெறும் முறை. அதை இன்றும் ராபின் ஹுட் திட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆஸ்டின் மாவட்டம் ஆண்டுதோறும் இதற்குப் பெருந்தொகை கட்டுகிறது. அந்த மாவட்டத்திலேயே வறிய குடும்பத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள் என்பது இதிலுள்ள வேதனை.

ஆகவே பணம் கட்டுகிறவர்களுக்கும் பெறுகிறவர்களுக்கும் தனித்தனி அமைப்புகள் தோன்றின. சொத்து வளம் குறைந்த மாவட்டங்களுக்காக ஈக்விட்டி சென்டர், கட்டுகிற மாவட்டங்களுக்காக டெக்சஸ் ஸ்கூல் கோயலிஷன், பெரிய மாவட்டங்களுக்காக டெக்சஸ் ஸ்கூல் அலயன்ஸ், வேகமாக வளரும் புறநகர் மாவட்டங்களுக்காக வேறொன்று. ஒரே கண்காணிப்பாளர் டாசாவிலும் இவற்றில் ஒன்றிலும் உறுப்பினராக இருப்பது சாதாரணம்.

இதன் விளைவாக, பணத்தின் மொத்த அளவைக் கூட்டுங்கள் என்று டாசா உரக்கச் சொல்ல முடிகிறது. இருக்கும் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று வரும்போது அதன் குரல் தணிந்துவிடுகிறது. நீதிமன்ற வரலாறும் இதையே காட்டுகிறது. எட்ஜ்வுட் முதல் இன்றுவரை நிதி வழக்குகளில் முன்னின்றவை மாவட்டங்களும் பெற்றோரும் அவர்களின் கூட்டணிகளுமே. பங்கீட்டு நியாயத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் சங்கத்தின் அறிக்கைகளை மட்டும் படித்தால் விவாதத்தின் பாதியைத்தான் படித்தவராவார்.

மாநாட்டில் கம்பெனிகள் கடை விரித்து ஆதரவுப் பணமும் கொடுக்கின்றனவாமே? எங்கள் மாவட்டம் வாங்கும் மென்பொருளுக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

மென்பொருள், பாடப் பொருள்கள், கட்டட வடிவமைப்பு, பாதுகாப்புக் கருவிகள் விற்கும் நிறுவனங்கள் இத்தகைய மாநாடுகளில் அரங்கு எடுப்பதும், நிகழ்ச்சிகளுக்கு ஆதரவு கொடுப்பதும் எல்லா மாநிலங்களிலும் உள்ள வழக்கம். அந்த வருமானம் இல்லாவிட்டால் சந்தா உயரும். வாங்கும் அதிகாரம் உள்ளவர்கள் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க முடிவதால்தான் நிறுவனங்கள் பணம் கொடுக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் சில வேலிகள் உண்டு. மாவட்டத்துடன் வணிகம் செய்யும் நிறுவனத்துக்குக் கண்காணிப்பாளர் தனிப்பட்ட முறையில் பணி செய்து ஊதியம் பெறக்கூடாது. விற்பனையாளரிடமிருந்து 12 மாதங்களில் 100 டாலருக்கு மேற்பட்ட பரிசுகள் வந்திருந்தால், எழுத்து மூலம் வெளிப்படுத்தும் கடமையும் இருக்கிறது. ஆனால் மாநாட்டில் ஏற்படும் பழக்கத்தை எந்தப் படிவமும் பதிவு செய்யாது. பெரிய கொள்முதல் ஒன்று வாரியத்தின் முன் வரும்போது எத்தனை நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டார்கள் என்று விசாரிப்பதுதான் பெற்றோரால் செய்யக்கூடிய சோதனை.

தேர்தலில் இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கண்காணிப்பாளர் சொல்லலாமா?

மாவட்டத்தின் பணத்தையும் மின்னஞ்சலையும் பயன்படுத்திச் சொல்லக்கூடாது. வேட்பாளருக்கோ கட்சிக்கோ வாக்கெடுப்புக்கோ ஆதரவாகவோ எதிராகவோ பள்ளி நிதியைப் பயன்படுத்துவதைக் கல்விச் சட்டம் தடுக்கிறது. கடன்பத்திர வாக்கெடுப்பு என்றால் தொகை, நோக்கம் ஆகிய தகவல்களைத் தரலாம், ஆதரியுங்கள் என்று கேட்கக்கூடாது. சொந்த நேரத்தில் ஒரு குடிமகனாகப் பேசுவது அவருடைய உரிமை.

ஹூஸ்டனில் மாநில அரசே கண்காணிப்பாளரை நியமித்துவிட்டதே, சங்கம் ஏன் தடுக்கவில்லை?

தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒரு மாவட்டத்தின் ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து 5 ஆண்டுகள் தேர்ச்சித் தரம் பெறாவிட்டாலும், ஆணையர் அந்தப் பள்ளியை மூட வேண்டும் அல்லது மாவட்டத்துக்கு நிர்வாகக் குழுவை நியமிக்க வேண்டும் என்று 2015இல் சட்டம் வந்தது. ஹூஸ்டனின் வீட்லி உயர்நிலைப் பள்ளி அந்த நிலைக்கு வந்தது. வழக்குகள் முடிந்தபின் 2023 ஜூன் மாதம் ஆணையர் மைக் மோராத், தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் இடத்தில் நிர்வாகக் குழுவை அமர்த்தி, மைக் மைல்ஸைக் கண்காணிப்பாளராக நியமித்தார்.

சங்கத்துக்கு இது மிகவும் இக்கட்டான நிலை. உள்ளூர் மக்களின் தேர்வே தலையாயது என்பது அதன் கொள்கை. ஆனால் மாநிலம் நியமித்தவரும் அதே பதவியில்தான் இருக்கிறார், உறுப்பினராகும் தகுதி அவருக்கும் உண்டு. இத்தகைய நேரத்தில் சங்கம் தனிப்பட்ட நியமனத்தைப் பற்றிப் பேசுவதைவிட, தரமிடும் முறையும் கையகப்படுத்தும் சட்டமும் எப்படித் திருத்தப்பட வேண்டும் என்று பேசுவதே பொருத்தம்.

சங்கம் சொல்வது என் கருத்துக்கு நேர் எதிராக இருந்தால் நான் என்ன செய்வது?

சட்டமன்றக் குழு விசாரணையில் கண்காணிப்பாளர் உட்காரும் அதே மேசையில் நீங்களும் உட்காரலாம். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் ஆஸ்டினில் சட்டமன்றக் கட்டடத்துக்குப் போய், சாட்சியாகப் பதிவு செய்துகொண்டால், பொதுவாக இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள் பேச விடுவார்கள். உங்கள் முறை வர இரவு பத்து மணி ஆகலாம் என்பதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரியில் தொடங்குகிறது. 2025இல் இயற்றிய சட்டத்தின்படி 2027–28 கல்வியாண்டில் ஸ்டார் தேர்வின் இடத்தில் மூன்று சிறிய தேர்வுகள் வரவிருப்பதால், தேர்வைப் பற்றிய வாதங்கள் அந்தத் தொடரில் மீண்டும் எழும்.

அதற்கு முன்பே, உங்கள் வாரிய உறுப்பினரிடம் கேட்கலாம். சங்கத்தின் சட்டமன்ற முன்னுரிமைகளை நம் மாவட்டம் ஏற்கிறதா, எதையேனும் மறுக்கிறதா என்று கூட்டத்தில் எழுந்து கேட்டால் அவர் அங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல, ஆனால் கேள்வி பதிவாகிவிடும். வாரியத் தேர்தல்கள் மே மாதத்திலோ நவம்பரிலோ நடக்கின்றன; மே மாதத் தேர்தலில் சில நூறு வாக்குகளிலேயே முடிவு தீர்மானமாகும் மாவட்டங்கள் உண்டு.